மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபின்: எதை முதலில், எதை அப்புறம்

எனக்கு இடப்பக்க மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இதே ஆபரேஷன் ஆன ஒன்பது பேருக்குத் துணையாகப் போயிருக்கிறேன். யாராவது சொல்லி அனுப்புவார்கள், போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் தடுமாறியது ஒரே இடத்தில். வீட்டில் உள்ளவர்கள் பாசத்தில் "நீங்க கையை அசைக்காதீங்க ஆச்சி, நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள், இவர்களும் கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருப்பார்கள், கடைசியில் ரேடியேஷனுக்குப் போகிற நாளில் கை தலைக்கு மேல் போகாது.

அதனால்தான் கீழே எல்லாவற்றையும் நாள் வரிசைப்படி எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். மார்பைத் திரும்ப அமைக்கும் ஆபரேஷனும் சேர்த்துச் செய்தவர்களுக்குப் பயிற்சி விதிகளே வேறு.

1. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே

பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு டெய்லர் டேப்பை எடுங்கள். இரண்டு கையிலும் மணிக்கட்டு, முழங்கைக்கு 10 சென்டிமீட்டர் கீழே, 10 சென்டிமீட்டர் மேலே என்று மூன்று இடத்தில் சுற்றளவு எடுத்துத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பின்னால் "கை வீங்குதோ?" என்று சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்த அளவு வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலக்கை இயல்பாகவே கொஞ்சம் பருமனாக இருக்கும். பழைய அளவு இல்லையென்றால் அதைப் பார்த்து வீணாகப் பயப்படுவீர்கள், அல்லது நிஜமான வீக்கத்தை "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிடுவீர்கள்.

முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பட்டன் வைத்த நைட்டி நாலு தைத்துக்கொள்ளுங்கள். தலைவழியாகப் போடுகிற எதுவும் இரண்டு வாரத்துக்காவது உதவாது.

படுக்க ஒரு கட்டில் வேண்டும். நம் பக்கம் பட்டாசாலையில் பாயை விரித்துப் படுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றித்தான் ஆகவேண்டும், தையல் அந்த இடத்தில்தான் இழுக்கும். கூடவே ஒரு சின்னத் தலையணை தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அது கைக்கு. சமையலறை மேல் தட்டில் இருக்கிற டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் (குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை) ஆபரேஷனோடு கீமோ, ரேடியேஷனும் அதே ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்தில் நடக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆபரேஷனை ஓர் ஊரில் முடித்துவிட்டு ரேடியேஷனுக்கு இன்னோர் ஊரில் முதலிலிருந்து ஃபைல் போட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. ட்ரெயின் குழாய்: முதல் பத்துப் பதினைந்து நாள்

ட்ரெயின் என்றதும் எங்கள் சின்னாத்தா "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். ஆபரேஷன் செய்த இடத்தில் ஊறும் நீரை வெளியே இழுக்கிற குழாய் அது, முனையில் அமுக்கினால் உறிஞ்சுகிற ஒரு டப்பா இருக்கும். பெரும்பாலும் அதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

தினமும் ஒரே நேரத்தில் காலி செய்யுங்கள். காலை 7 மணி என்றால் தினமும் 7 மணி. டாக்டர் பார்ப்பது 24 மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்ற கணக்கை, நேரம் மாறினால் அந்தக் கணக்கே தப்பாகிவிடும். "அரை டப்பா", "முந்தாநாளைவிடக் கம்மி" என்றெல்லாம் எழுதாதீர்கள். கோடு போட்ட மருந்துக் குவளையில் ஊற்றி மில்லியிலேயே எழுதுங்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்து இரண்டு நாள் அப்படியே நின்றால் குழாயை எடுப்பார்கள். உங்கள் டாக்டர் வைத்திருக்கும் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

காலி செய்ததும் டப்பாவை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடியைப் போடவேண்டும். அமுக்காமல் மூடினால் அது உறிஞ்சாது. அப்போது அளவு குறைந்த மாதிரி தெரியும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள், நீரெல்லாம் உள்ளேயே தேங்கிக்கொண்டிருக்கும். தேவகோட்டையில் ஒருவர், பார்க்க வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று டப்பாவைக் கட்டிலுக்கு மேலே ஜன்னல் கொக்கியில் மாட்டி அதன்மேல் துண்டைப் போட்டிருந்தார். டப்பா எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஜவுளிக்கடை மஞ்சள் பையை வெட்டி நீளமாகப் பிடி தைத்து, எதிர்த் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டால் இடுப்பருகே நிற்கும், நடக்கும்போது குழாயும் இழுபடாது.

நீரின் நிறம் முதலில் ரத்தச் சிவப்பு, அப்புறம் ரோஸ், கடைசியில் வைக்கோல் தண்ணீர் மாதிரி. திடீரென்று புது ரத்தமாக வந்து டப்பா சீக்கிரம் நிரம்பினாலும், நாற்றமடித்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குழாயை எடுத்த பிறகு அக்குளில் தண்ணீர்ப் பை மாதிரி கொழகொழவென்று வீங்கலாம். அடிக்கடி வருவதுதான். நிறைய இருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், அந்த இடம் மரத்திருப்பதால் பலருக்கு வலிகூடத் தெரிவதில்லை. வீட்டில் யாரும் அமுக்கிப் பார்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம்.

3. கை: குழாய் இருக்கும்வரை, தோள் உயரம் வரை

ஆபரேஷனுக்கு மறுநாளே கை வேலை செய்யத் தொடங்கவேண்டும். கையை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைக் காதுப் பக்கம் தூக்கி இறக்குவது, பின்பக்கமாக உருட்டுவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று நாலு வேளை. தலை சீவுவது, பல் தேய்ப்பது, சோறு பிசைந்து சாப்பிடுவது எல்லாம் அந்தக் கையாலேயே நடக்கட்டும்.

குழாய் இருக்கும்வரை மட்டும் கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்காதீர்கள். சீக்கிரமே மேலே தூக்கினால் நீர் அதிகம் ஊறிக் குழாயை எடுப்பது தள்ளிப்போகும். இது இரண்டு பக்கமும் தப்பு நடக்கிற இடம். பெரும்பாலோர் அசைப்பதே இல்லை, மீதிப் பேரில் ஒருவர் மூன்றாம் நாளே கொடியில் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

படுக்கும்போது அந்தச் சின்னத் தலையணைமேல் கையை நெஞ்சைவிடக் கொஞ்சம் உயரமாக வையுங்கள்.

4. குழாய் எடுத்தபின்: சுவரில் விரல் நடை

இந்த ஆறு வாரம்தான் முக்கியம். காயம் ஆறும்போது தோல் சுருங்கி இறுகும், அந்தச் சமயத்தில் இழுத்துப் பழக்காத தோள் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

சுவரைப் பார்த்து ஓரடி தள்ளி நில்லுங்கள். விரல்களைச் சுவரில் வைத்து எறும்பு ஊர்கிற மாதிரி மேலே மேலே கொண்டுபோங்கள். இழுக்கிற இடம் வந்ததும் நின்று, மூச்சை இழுத்துவிட்டு, பத்து எண்ணிவிட்டு, அதே மாதிரி ஊர்ந்தே இறங்குங்கள். இறங்கும்போது கையைச் சட்டென்று போட்டுவிடக் கூடாது. இரண்டு நாள் பழகியபின் சுவருக்குப் பக்கவாட்டில் நின்றும் செய்யவேண்டும், அது கடினம், அதனாலேயே எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். எங்கள் வீட்டுச் சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவர், அதில் கோடு போடவா என்று கேட்டபோது மாமியார் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட ஆரம்பித்தேன். நாளுக்கு ஒரு பொட்டு. முதல் பொட்டு என் தாடை உயரத்தில். சில நாள் பொட்டு ஏறவே ஏறாது, இரண்டு பொட்டு ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருக்கும். முப்பத்தோராவது பொட்டு ஜன்னலின் மேல் சட்டத்தைத் தாண்டியது. பிறகு நான் போன எல்லா வீட்டிலும் ஒரு பொட்டு அட்டை வாங்கிக்கொண்டுதான் போகிறேன்.

வலிக்குமென்று பயமாக இருந்தால் டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். தையல் இழுக்கிற மாதிரி இருப்பது பரவாயில்லை. சுரீரென்று குத்தினால் நிறுத்துங்கள்.

சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் வீணைக் கம்பி மாதிரி ஒரு நார் முறுக்கேறி நிற்கும், கையை நீட்ட விடாது. பார்க்கப் பயமாக இருந்தாலும் நோய் திரும்பியதன் அறிகுறி இல்லை. மெதுவாக இழுத்துப் பழக்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டினால் நல்லது. வெளியூர் போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு.

மேற்கையின் உட்புறமும் அக்குளும் மரத்துப்போகும். தோலுக்கு உணர்வு கொடுக்கிற நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சிலருக்கு முழுக்க மாறாது. அதனால் வெந்நீர் ஒத்தடம் கூடாது, அக்குளில் பிளேடு கூடாது. சுட்டாலும் வெட்டினாலும் உங்களுக்குத் தெரியாது.

5. கீமோ, ரேடியேஷன் நாட்கள்

ரேடியேஷன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவார்கள், அதற்குக் கையைத் தலைக்கு மேலே வைத்து அசையாமல் படுக்கவேண்டும். தினமும் ரேடியேஷன் கொடுக்கும்போதும் அதே நிலைதான். நான்காம் பகுதியை ஒழுங்காகச் செய்யாதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பலருக்கு 15 அல்லது 25 தடவை வரும், வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு. காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ தினமும் போய் வருவதென்றால் பஸ்ஸிலேயே நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். என் கருத்து, கடைசி வாரமாவது அங்கேயே தங்கிவிடுங்கள். அசதி கடைசியில்தான் அதிகம் அமுக்கும்.

தோலில் போட்ட அடையாளக் கோட்டைத் தேய்த்துக் குளிக்காதீர்கள். அந்த இடத்தில் மஞ்சள், சந்தனம், பவுடர் எதுவும் வேண்டாம். "மஞ்சள் பூசினா என்ன, கிருமிநாசினிதானே" என்று நம் வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். கதிர் பட்ட தோல் வெயிலில் காய்ந்த தோல் மாதிரி, எதைப் பூசினாலும் எரிச்சல்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு மட்டும் போதும்.

கீமோ நடக்கும் மாதங்களில் வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கவேண்டும். 100.4 வந்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரி. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது வருகிற காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் காத்திருக்க நேரம் கிடையாது.

6. கை வீக்கம்: வாழ்நாள் கவனம், வாழ்நாள் பயம் இல்லை

அக்குள் நெறிக்கட்டிகள் முழுவதையும் எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம். ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு இது மிகக் குறைவு. சில மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம்.

முதலில் சொல்வது வளையல்தான். நேற்று சுலபமாக ஏறிய வளையல் இன்று மணிக்கட்டில் நின்றால், ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், கை கனக்கிற மாதிரி இருந்தால் டேப்பை எடுங்கள். மாதம் ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது. பழைய அளவிலிருந்து 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால் அந்த வாரமே காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாக வடியும், தோல் தடித்து இறுகியபின் கஷ்டம்.

எங்கள் பக்கம் நடக்கிற பெரிய தப்பு, எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது. கையில் தேங்கிய நீரை (நிணநீர்) நகர்த்தும் மசாஜ் பூனையைத் தடவுகிற மாதிரி மெதுவானது, அதையும் கற்றவர்தான் தொடங்கவேண்டும். இன்னொரு தப்பு, வீக்கத்துக்குக் கையில் இறுக்கமாக மாட்டும் அமுக்கு உறையைத் தாங்களாகவே ஆன்லைனில் வாங்கி மாட்டிக்கொள்வது. வீக்கம் அதிகமாக இருந்தால் முதலில் கட்டுப் போட்டு வடியவைத்து, அப்புறம் அளவெடுத்து உறை போடுவார்கள். அளவு தப்பிய உறை விரல் பக்கம் வீக்கத்தைத் தள்ளிவிடும்.

அந்தக் கையில் ஊசியும் பிரஷரும் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். இவற்றால் வீக்கம் வருகிறது என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. இன்னொரு கை சும்மா இருக்கும்போது அதை நீட்டுவதில் நஷ்டமும் இல்லை. அவசரத்தில் யாராவது இந்தக் கையில் குத்திவிட்டால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நிஜமாகக் கவனிக்கவேண்டியது கிருமித் தொற்று. கருவேல முள், மீன் செதில், இறால் உரிப்பது, தோட்ட வேலை, இவற்றுக்குக் கையுறை போடுங்கள். கீறினால் கழுவி மருந்து வையுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்கவேண்டும்.

7. வீட்டு வேலைக்குத் திரும்புவது

முதல் நாலு முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடம் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும், இட்லி மாவு அண்டா அதற்கு மேல். கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"இனி ஆயுசுக்கும் கனம் தூக்கக்கூடாது" என்பது பழைய கதை. மெதுவாக ஏற்றிக்கொண்டு போனால் எடை தூக்கும் பயிற்சி வீக்கத்தை வரவழைப்பதில்லை என்று தெரிந்துவிட்டது. நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டினேன். கை கனத்தால் ஒரு படி இறங்குங்கள். ஒரேயடியாக விட்டுவிட்டு, ஊர்ப் படைப்புக்கு என்று ஒருநாள் முழுக்கத் தேங்காய் துருவினால்தான் கை கோபித்துக்கொள்ளும்.

மழை நாளில் முற்றத்து ஓரம் ஆத்தங்குடிக் கல் வழுக்கும். விழுந்தால் பிடித்துக்கொள்ள எந்தக் கை முன்னால் போகும் என்று நம் கையில் இல்லை. கால்மிதி போடுங்கள்.

பத்தியம் வேண்டாம். காயம் ஆறப் புரதம் வேண்டும், முட்டை, கோழி, பருப்பு, பால் எதையும் நிறுத்தாதீர்கள்.

8. ரவிக்கையும் கண்ணாடியும்

தழும்பை முதல் தடவை எப்போது பார்ப்பது என்பது உங்கள் விருப்பம். நான் கட்டுப் பிரித்த அன்று பார்க்கவில்லை, ஒன்பதாம் நாள் தனியாகப் பார்த்தேன், நர்ஸம்மா கூட இருக்கும்போதே பார்த்திருக்கலாமோ என்று பிறகு தோன்றியது.

முதல் ஆறு முதல் எட்டு வாரம் பஞ்சோ மெத்தென்ற பருத்தி நூலில் பின்னியதோதான் உள்ளே வைக்கலாம். சிலிகான் மார்பு காயம் முழுக்க ஆறியபின், ரேடியேஷன் இருந்தால் தோல் தேறியபின். கனமான உடம்புக்காரர்களுக்கு இது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, ஒரு பக்கம் எடை போனதும் தோள் சரிந்து கழுத்தும் முதுகும் வலிக்கும். புதுவயல்காரர் ஒருவர் எடைக்காகக் கடுகைச் சின்னப் பையில் தைத்து வைத்துக்கொண்டார். நல்ல யோசனைதான், ஐப்பசி மழையில் பூசணம் பிடித்துவிட்டது.

டெய்லரிடம் ரவிக்கைக்குள் ஒரு பை மாதிரி உள்துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் குனியும்போது நழுவும். கண்டாங்கிச் சேலை கொஞ்சம் முரட்டுத் துணி, உடம்போடு ஒட்டாமல் விறைத்து நிற்பதால் வித்தியாசம் தெரியாது. வழுக்குகிற சிந்தெடிக்குக்கு ஊக்கு நிறைய வேண்டும்.

9. மாத்திரை வருடங்கள்

கட்டி ஹார்மோனால் வளரும் வகை என்றால் 5 வருடம், சிலருக்கு 10 வருடம் வரை மாத்திரை. மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டாமாக்சிஃபென், நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் அல்லது அனாஸ்ட்ரோசோல். திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், லெட்ரோசோலில் மூட்டு பிடிக்கும். காலையில் அரை மணி நடந்தால் மூட்டு கொஞ்சம் இளகுகிறது, என் அனுபவமும் அதுதான்.

பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் டாக்டரிடம் சொல்லாமலேயே நிறுத்துகிறார்கள். சொன்னால் மாத்திரையை மாற்றித் தர வழியிருக்கிறது. டாமாக்சிஃபென் எடுக்கும்போது மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே சொல்லவேண்டும். மனச்சோர்வுக்கு எடுக்கிற சில மாத்திரைகள் டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும், ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள். லெட்ரோசோல்காரர்கள் எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

10. மனசும் வீட்டுக்காரரும் வந்துபோகிறவர்களும்

விசாரிக்க வருகிறவர்களுக்கு நேரம் வையுங்கள். நான் மாலை 4 முதல் 5 என்று வைத்தேன், கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. பிறர் அனுதாபத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பயிற்சி தவறும்.

வீட்டுக்காரரிடம் பேசுகிற விஷயத்தில் நான் பார்த்தது இது: அவள் கஷ்டப்படுவாள் என்று அவர் தள்ளிப் படுக்கிறார், அவருக்குப் பிடிக்கவில்லை என்று இவள் நினைத்துக்கொள்கிறாள், ஒரு வருடம் போய்விடுகிறது. யாராவது ஒருவர் வாயைத் திறக்கவேண்டும். மாத்திரையால் வறட்சி வந்து வலித்தால் மருந்துக்கடையில் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கிடைக்கும். ஹார்மோன் க்ரீமை டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

11. செக்கப், ஃபைல், ரயில்

முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கவேண்டும். மீதமுள்ள மார்புக்கு வருடாவருடம் மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே). தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வருடாவருடம் பெட் ஸ்கேன் (உடம்பில் வேறெங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது) தேவையில்லை. தழும்பில் புதுக் கட்டி, சில வாரமாக விடாத எலும்பு வலி, மூச்சு வாங்கல் என்றால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

ஃபைலில் மேலே பயாப்சி ரிப்போர்ட், அடுத்து ஆபரேஷனுக்குப் பின் வந்த பேத்தாலஜி ரிப்போர்ட், அடுத்து டிஸ்சார்ஜ் சுருக்கம். எந்தப் புது டாக்டரும் முதலில் கேட்பது இந்த மூன்றைத்தான்.

சென்னைக்குச் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகிறவர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. காரைக்குடியிலிருந்து சென்னை போகிற பல்லவன் எக்ஸ்பிரஸில் இருப்பது உட்காரும் பெட்டிகள்தான், அதில் இரண்டு பேருக்குமே 75 சதவீதம். அக்குள் காயத்தோடு அத்தனை மணி நேரம் உட்கார்ந்து போவதைவிட இரவு வண்டியில் படுத்துப் போவது மேல், கீழ் பெர்த்தாகக் கேளுங்கள். டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் உள்ள சலுகைப் படிவத்தோடு ஸ்டேஷன் கவுன்ட்டரில்தான் டிக்கெட் எடுக்கவேண்டும். படிவத்தின் நகல் இரண்டை ஃபைலின் முதல் உறையிலேயே போட்டுவையுங்கள், வண்டியில் டிக்கெட் பரிசோதகர் கேட்பார்.